பூரணி பின்னிய குல்லா

லிந்துலையிலிருந்து நாலு மைல் மேலே ஏறினால் வெள்ளப்பாறைத் தேயிலைத் தோட்டம். அங்கே பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவள் பூரணி. கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் விடிந்ததும் கைப்பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு மலை ஏறுவார்கள். பத்துப் பன்னிரண்டு தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். பூரணி தரையில் உட்கார்ந்து, கால் பெருவிரலில் ஒரு தொட்டில் கயிற்றை மாட்டி ஆட்டிக்கொண்டே, இரண்டு கையாலும் கம்பளி நூல் பின்னுவாள்.

பின்னல் அவளுக்குத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் வேலை செய்தபோது வந்தது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. துரைசாணி சாய்வு நாற்காலியில் பின்னிக்கொண்டிருப்பாள். தேத்தண்ணீர் வைக்கப் போகும்போதெல்லாம் பூரணி அந்த விரல்களைப் பார்த்தாள். நாலு வருஷம் பார்த்ததில் கை தானாகப் பழகிவிட்டது. 1950-இல் அந்த துரை குடும்பம் சீமைக்குத் திரும்பியபோது, துரைசாணி இரண்டு பழைய கம்பளிச் சட்டைகளை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஒன்று மரப்பட்டை நிறம், மற்றது சாம்பல் நிறம். பூரணி அவற்றைப் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியில் வைத்திருந்தாள்.

அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷன் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனான். அம்மா, அப்பா ஏற்கெனவே இல்லை. மிச்சமிருந்தது தங்கச்சி காளியாயி. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் ஒரே காம்பராவில் இரண்டு பேரும் இருந்தார்கள்.

காளியாயிக்குத் தலையில்தான் தொல்லை. கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில் விழும் இடத்தில் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. மழைக்காலத்தில் அது ஆறவே ஆறாது. துணியை மடித்து வைத்துப் பார்த்தாள், நனைந்து நழுவியது. 1953 கடைசியில் ஒருநாள் பூரணி பெட்டியைத் திறந்து இரண்டு சட்டைகளையும் எடுத்தாள். தையலைப் பிரித்து, நூலை இழுத்து இழுத்து உருவி, சிட்டமாகச் சுற்றிக் கழுவி, சுருக்கம் போக அடியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டாள்.

ஒற்றை நூலில் பின்னினால் கயிறு அறுத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சாம்பலில் இரண்டு, பட்டை நிறத்தில் ஒன்று என்று மூன்று நூலை ஒன்றாகப் பிடித்தாள். அந்தத் தடிமனுக்கு அவளிடம் ஊசி இல்லை. தேயிலைச் செடியின் கிளைகளில் நேரான இரண்டைப் பார்த்து வெட்டி, கண்ணாடித் துண்டால் சுரண்டி, தேங்காயெண்ணெய் தேய்த்து வழுவழுப்பாக்கினாள். சுண்டுவிரல் பருமன் இருக்கும். முப்பத்தாறு கண்ணி போட்டாள். ஓரத்தில் ஒரு கண்ணி முன்பக்கம், ஒரு கண்ணி பின்பக்கம் என்று நாலு விரல் அகலத்துக்குப் பின்னியதில் அது தலையைக் கவ்விப் பிடிக்கும் பட்டையாக வந்தது. மேலே ஏற ஏறக் கண்ணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் குறைத்து, கடைசிக் கண்ணிகளுக்குள் நூலைவிட்டுச் சுருக்கி, பக்கத்தை மூட்டித் தைத்தாள். கனத்த குல்லா. கயிறு அதன்மேல் விழுந்தால் தலைக்குத் தெரியாது.

மீதி நூலில் அதற்கு ஜோடியாக மப்ளர் பின்னினாள். சாதாரண மப்ளர் குனிந்து கொழுந்து எடுக்கும்போது நுனி தொங்கிச் செடியில் மாட்டும். ஆகவே இரண்டு நுனியையும் சேர்த்துத் தைத்து வளையமாக்கினாள். தலைவழியே போட்டுக்கொண்டால் கழுத்தை மூடி மூக்குவரை ஏற்றிக்கொள்ளலாம். முடிக்கிற இடத்தில் சாம்பல் நூல் ஒரு முழம் குறைந்தது. ஒரு பிள்ளையின் காலுறைக்கு வைத்திருந்த நீல நூலைச் சேர்த்தாள். பிடரிப் பக்கம் நீலமாக ஒரு விரல்நீளக் கோடு விழுந்தது.

காளியாயி இரண்டையும் போட்டுக்கொண்டு சிரித்தாள். “ஏக்கா, எனக்கே என்னைத் தெரியல.”

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. தொழிற்சாலையில் இலை உலர்த்தும் வேலை பார்த்த செல்லசாமிக்கு அவளைக் கொடுப்பதாகப் பூரணி வாக்குக் கொடுத்திருந்தாள். செல்லசாமி நல்லவன்தான். முதல் பெண்சாதியை இழந்தவன், முப்பத்தைந்து வயது. காளியாயிக்குப் பத்தொன்பது. அவள் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. தை மாதம் நாள் குறிப்பதற்கு முந்தின சாயந்தரம் மட்டும், “என்னால ஏலாதுக்கா” என்றாள்.

பூரணிக்குக் கோபம் வந்தது. “ஏலாதுன்னா எங்கயாச்சும் போயிரு. எம் மூஞ்சியில முழிக்காத” என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போன காளியாயி ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்தாள். அது தோட்டத்தின் உச்சி. அதற்கு அப்பால் பாறை; பாறைக்குக் கீழே ஆறு. அன்று காலை பத்து மணிக்கே பனி இறங்கி, பக்கத்துச் செடியில் நிற்கிறவளின் கை மட்டும் தெரிந்தது. மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு எல்லோரும் வந்தார்கள். காளியாயி வரவில்லை.

பாறை ஓரத்தில் அவள் கூடை இருந்தது. பத்தடி தள்ளி, விளிம்பில் குல்லா கிடந்தது. மப்ளரைக் காணோம்.

செல்லசாமி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மூன்று நாள் ஆற்றில் இறங்கித் தேடினான். பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. தோட்டத்துப் பேரேட்டில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா அவள் பெயரின் மேல் கோடு போட்டார். பதினாறாம் நாள் பூரணி காரியம் செய்தாள். தான் சொன்ன வார்த்தையை யாரிடமும் சொல்லவில்லை. குல்லாவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். குளிக்கும்போது தவிர அதை எடுக்கவே இல்லை.

மாசியில் அந்தக் கணக்குக் குழப்பம் ஆரம்பித்தது.

வீரய்யா கங்காணியின் கைக்குக் கீழே இருபத்து மூன்று பெண்கள். காலையில் நிரை பிரித்துவிடும்போது எண்ணுவார்; இருபத்து மூன்று. பனி இறங்கியதும், யாரும் வழிதப்பிவிடக் கூடாது என்று மறுபடி தலைகளை எண்ணினார். இருபத்து நாலு. இன்னொருமுறை எண்ணினார். இருபத்து நாலுதான். பனி விலகியதும் இருபத்து மூன்று பேர் நின்றார்கள். வயசாகிவிட்டது, கண் ஏமாற்றுகிறது என்று அவர் சும்மா இருந்துவிட்டார். ஆனால் அதற்கு அடுத்த பனி நாளிலும் அப்படியே ஆனது.

அன்று கடைசி நிரையில் நின்ற பேச்சியம்மா மலையிலிருந்து ஓடிவந்து பிள்ளைக்காம்பரா வாசலில் விழுந்தாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்ததே பூரணிதான்.

“ஒந் தங்கச்சிடி. எம் பக்கத்து நிரையில நிக்கிறா. நீ பின்னிக் குடுத்தியே, அந்த மப்ளர மூக்குவரைக்கும் ஏத்திப் போட்டிருக்கா. கை ரெண்டும் ஓடுது, கூடையில ஒரு கொழுந்து விழல.”

தோட்டம் முழுக்கச் செய்தி பரவியது. காளியாயி பேயாக அலைகிறாள் என்றார்கள். முனியாண்டிக்குச் சேவல் அறுத்தார்கள். அந்தக் குல்லாவை எரித்துவிடச் சொல்லிப் பூரணியிடம் நாலு பேர் வந்தார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, பிள்ளைகளைப் பேச்சியம்மாவிடம் விட்டுவிட்டுப் பூரணி தனியாக ஒன்பதாம் நம்பர் மலைக்கு ஏறினாள். மத்தியானம் இரண்டு மணி. வெளிச்சம் இருந்தது, ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத வெளிச்சம். பனி அவள் முட்டிவரை, பிறகு மார்வரை வந்தது. குருவிச் சத்தம் நின்றுபோனது. அப்போது நனைந்த கம்பளியின் வாடை அடித்தது. கழுவிக் காயப்போட்ட அன்று காம்பரா முழுக்க அடித்த அதே வாடை.

மலையின் மேல்கோடியில் கவ்வாத்து வெட்டிய பகுதி ஒன்று இருந்தது. செடிகளை முட்டிக்குக் கீழே வெட்டிவிட்டதால் வெறும் குச்சிகள்தான் நின்றன. ஒரு இலை கிடையாது. அந்தக் குச்சிகளுக்கு நடுவே ஒரு பெண் முதுகைக் காட்டி நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். இல்லாத கொழுந்தை இரண்டு கையாலும் வேகவேகமாகக் கிள்ளினாள். கிள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. பிடரியில் நீலக் கோடு.

“காளியாயி!” என்று கத்தினாள் பூரணி.

அந்தப் பெண் திரும்பினாள். கண், மூக்கு, நெற்றி எல்லாம் ஒரு பெண்ணுக்கு இருக்கிற மாதிரியே இருந்தன. ஆனால் அது காளியாயி இல்லை. பூரணி அதுவரை பார்த்திராத முகம். தலைமுடியில் செம்மண் சேறு அப்பியிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் மப்ளரை மூக்கிலிருந்து கீழே இழுத்து, மரியாதையாகவே பேசினாள்.

“கழுத்துக்குக் கூதல் விட்டிருச்சு தாயி. தலைக்கு ஒண்ணும் இல்லியா?”

பூரணியின் கை தானாக இடுப்புக்குப் போனது. குல்லாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தங்கச்சியின் நினைவாக அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். அதை எப்படிக் கொடுப்பாள்? முகத்தைத் திருப்பாமல் பின்னாலேயே நடந்து, நடந்து, பாதை காலில் பட்டதும் ஓடினாள்.

கீழே வந்து அவள் சொன்னது ஒரே வார்த்தை: “அது எந் தங்கச்சி இல்ல.” யாரும் நம்பவில்லை. வீரய்யா கங்காணி மட்டும் அன்று சாயந்தரம் அவளைத் தேடி வந்தார்.

“அந்தக் கவ்வாத்து மலைக்கு மேல முந்தி ஒரு பழைய லயம் இருந்துச்சு புள்ள. எங்கப்பா காலத்துல. ஒரு மழையில மண்ணு சரிஞ்சு லயத்தோட மூடிருச்சு. அப்ப எத்தினி பேரு உள்ள இருந்தாங்கன்னு எழுதி வைக்கக்கூட இல்ல. அப்பறம் அதுமேலயே தேயிலைய நட்டுட்டாங்க.”

அவர் போன பிறகு பூரணிக்குத் தூக்கம் வரவில்லை. பயத்தைவிட வேறொரு எண்ணம் அவளை அரித்தது. மப்ளர் காளியாயியின் கழுத்தில் இருந்தது. ஆற்றில் விழுந்திருந்தால் அவளோடு போயிருக்கும். அதை யாரோ ஒருத்தி போட்டிருக்கிறாள் என்றால், காளியாயி அதைக் கழற்றியிருக்கிறாள். கழற்றியவள் எங்கே போனாள்?

மாதம் ஒருமுறை துணி மூட்டையோடு தோட்டத்துக்கு வரும் மஃறூப் என்கிற வியாபாரி, அட்டன் ரோட்டில் உள்ள ஊர்களுக்கெல்லாம் போய் வருகிறவர். பூரணி அவரிடம் அடையாளம் சொன்னாள். “உச்சந்தலையில முடி மொளைக்காம ஒரு காசு அகலம் தழும்பு இருக்கும் நானா. எங்கயாச்சும் பாத்தா அவகிட்ட பேச வேணாம். எனக்கு வந்து சொல்லுங்க.”

“மவுத்தாப் போன புள்ளையத் தேடச் சொல்றீங்களே தங்கச்சி” என்றார் அவர். ஆனாலும் தேடினார். இரண்டு வருஷம், ஒவ்வொரு மாதமும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஒன்பதாம் நம்பர் மலையில் பனி இறங்கும் நாளெல்லாம் எண்ணிக்கை ஒன்று கூடிக்கொண்டே இருந்தது. பெண்கள் இரண்டு இரண்டு பேராகக் கையைப் பிடித்துக்கொண்டு நிரையில் நின்றார்கள். பக்கத்தில் நிற்கிறவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

1956 சித்திரையில் மஃறூப் மூட்டையைக்கூட இறக்காமல் நேராகப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். “கினிகத்தேனையில, பஸ் நிக்கிற எடத்துக்குப் பக்கத்துல ஒரு தேத்தண்ணிக் கடை. புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கிறா. தழும்ப நானே பாத்தேன்.”

பூரணி அடுத்த நாளே பஸ் ஏறினாள். கடைக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த காளியாயி நிமிர்ந்து பார்த்து, அப்படியே கல்லாக நின்றாள்.  பூரணி கிட்டே போய், தங்கச்சியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

தேயிலைப் பெட்டிகளை ரயிலடிக்கு ஏற்றிப்போகும் லொறியின் டிரைவர் பியதாச என்ற சிங்களவன். அவனோடுதான் காளியாயி போயிருந்தாள். அன்று காலை பாறைக்கு அந்தப் பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் போய், பெரிய ரோட்டில் நின்ற லொறியில் ஏறியிருக்கிறாள்.

“மப்ளரு?” என்று கேட்டாள் பூரணி.

காளியாயியின் முகம் மாறியது. பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். “கூடைய வச்சிட்டுத் திரும்புறேன், ஒரு பொம்பள நிக்கிறா. தண்ணி சொட்டுது. வேற தோட்டத்து ஆளுன்னு நெனச்சேன். ஒண்ணும் பேசல, எங் கழுத்தையே பாத்தா. பாவமா இருந்துச்சு. கழட்டி அவ தலைவழியா நானே போட்டுவிட்டேன். தலையையும் தொட்டுக் காட்டுனா. சரின்னு குல்லாவயும் எடுத்து நீட்டுனேன். அவ விரலு எம் விரல்ல பட்டுச்சுக்கா. அது மனுச விரலு இல்ல. போட்டது போட்டபடி ஓடிட்டேன்.”

“அவ இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா” என்றாள் பூரணி.

தோட்டத்துக்குத் திரும்பிய மறுநாள் காலையிலேயே பனி இறங்கியது. பூரணி மலை ஏறினாள். இந்தத் தடவை அந்தப் பெண்ணைக் காணவில்லை. கவ்வாத்து வெட்டிய செடிகள் இரண்டு வருஷத்தில் தழைத்துவிட்டிருந்தன. நடுவில் நின்று குல்லாவை இடுப்பிலிருந்து எடுத்தாள். தங்கச்சி உயிரோடு இருக்கிறாள். இனி அது வெறும் குல்லாதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கையை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாள்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கொழுந்து கிள்ளும் சத்தம் இடப்பக்கம் கேட்டது. கிட்டே வந்தது. நின்றது. குல்லாவின் கனம் கையைவிட்டு மெதுவாகப் போனது. பிடுங்கவில்லை, ஒரு பொருளை மரியாதையாக வாங்கிக்கொள்கிற மாதிரி. வாங்கும்போது ஏதோ ஒன்று அவளுடைய வலதுகை நடுவிரலையும் மோதிரவிரலையும் தொட்டது. கண்ணைத் திறந்தபோது பனி விலகிக்கொண்டிருந்தது. செடிகளில் ஒரு துளி ஈரம் இல்லை. அவள் நின்ற இடத்தைச் சுற்றி மட்டும் செம்மண் தண்ணீர் தேங்கியிருந்தது.

அன்றைக்கு வீரய்யா கங்காணி நாலுமுறை எண்ணினார். நாலுமுறையும் இருபத்து மூன்று.

தொட்ட அந்த இரண்டு விரல்களுக்கும் உணர்ச்சி திரும்பவே இல்லை. வெளுத்து, நெருப்பில் வைத்தாலும் தெரியாதபடி ஆகிவிட்டன. மெல்லிய ஊசியைப் பிடித்தால் நழுவியது. பிள்ளைகளுக்குக் காலுறை, சட்டை பின்னுவது அதோடு போயிற்று. பருத்த ஊசியை மட்டும் மற்ற விரல்களால் பிடிக்க முடிந்தது.

காளியாயி ஒரேயொரு முறை வெள்ளப்பாறைக்கு வந்தாள். பிள்ளையை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று ஆசை. லயத்து வாசலில் அவள் தலை தெரிந்ததும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். உள்ளேயிருந்து ஒருவரும் பதில் சொல்லவில்லை. பேயின் குரலுக்குப் பதில் சொல்லக் கூடாதே. கடைசியில் பேச்சியம்மா மட்டும் வெளியே வந்து, முதலில் பிள்ளையைத் தொட்டுப் பார்த்து, பிறகு அவளைத் தொட்டாள். “சூடாத்தான் இருக்கா” என்று மற்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னாள். அப்போதும் கதவுகள் திறக்கவில்லை. காளியாயி முதலில் சிரித்தாள், பஸ்ஸுக்கு நடக்கும்போது அழுதாள்.

அதற்குப் பிறகு பூரணிக்கும் அந்த லயத்தில் மனம் ஒட்டவில்லை. 1958-இல் தங்கச்சியோடு இருக்கக் கினிகத்தேனைக்கே போய்விட்டாள். சிவனொளிபாத மலை யாத்திரை சீசனில் பியதாச மலையடியில், நல்லதண்ணியில் ஒரு கடை போடுவான். மலை ஏறுகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றுவது காளியாயி. முன்னால் கம்பியில் தொங்கும் தடித்த குல்லாக்களும் மப்ளர்களும் பூரணியின் கைவேலை.

1963 சீசனில் ஒரு நாள் முற்பகல், கூட்டம் குறைந்த நேரத்தில், செல்லசாமி அந்தக் கடைக்கு வந்தான். நரை விழுந்திருந்தது. இந்தியாவுக்கே போய்விடுவதென்று தீர்மானித்து, கப்பலேறத் தலைமன்னாருக்குப் போவதற்கு முன் இங்கே வந்திருந்தான். காளியாயி தேத்தண்ணீரை அவன் முன் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றாள்.

“ஒம் மேல கோவம் இல்ல புள்ள” என்றான் அவன். “உசுரோட இருக்கியே, போதும். உன்னைக் கண்ணால பாத்துட்டுப் போவணும்னுதான் வந்தேன். அதுக்கு ஒரு காரணம் இருக்கு.”

தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னான்.

“மூணாம் நாளு ஆத்துல முங்குனப்ப, பாறை இடுக்குல ஒரு கை எங் கையில ஆப்பட்டுச்சு. பொம்பளக் கை. வளையலு இருந்துச்சு. இழுத்தேன், வரல. அதுவும் என்னைப் பிடிச்சுது. உதறிட்டு மேல வந்துட்டேன். பயத்துல யார்கிட்டயும் சொல்லல. நீ உசுரோட இருக்கேன்னு பேச்சியம்மா சொல்லியும் மனசு ஒப்பல; உன்னைத்தான் விட்டுட்டு வந்துட்டேன்னு ஒம்போது வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

காளியாயி பூரணியைப் பார்த்தாள். பூரணி பின்னலை மடியில் வைத்து, வெளுத்துப்போன அந்த இரண்டு விரல்களையும் இடதுகையால் பொத்திக்கொண்டாள்.

அட்டன் பஸ் ஹோர்ன் அடித்தது. செல்லசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். “அப்ப அது யாரு புள்ள?” என்று இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டான். பிறகு ரோட்டைக் கடந்து போய் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டான்.